காவோலையை அறுக்கவா, விடவா? பனங்காட்டுக்கு வந்து தங்கும் உயிர்களைப் பற்றி ஒரு கேள்வி

வடலிக்காடு (சாயல்குடி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊருக்கும் மூக்கையூருக்கும் இடையில் குடும்பத்துக்குப் பொதுவாகக் கொஞ்சம் பனங்காடு இருக்கு. கடல் பக்கம் மணல்தேரி, மேற்கே வேலிக்கருவை, நடுவில் பனை. பாதி மரத்தைக் குத்தகைக்கு ஏறுகிறார்கள். மீதியில் பல வருஷமா யாரும் கால் வைக்கவில்லை. ஏறுகிற மரம் தலை சீவின மாதிரி சுத்தமா நிக்கும். ஏறாத மரத்தில் காவோலை, அதாவது காய்ந்த ஓலை, அறுபடாமல் கீழ்நோக்கித் தொங்கி, அடுக்கடுக்காகச் சேர்ந்து தண்டையே மூடிவிட்டது.

சித்தப்பா இந்த மாசிக்குள் எல்லாத்தையும் கழித்துவிடணும் என்கிறார். ஓலை வேலிக்கு ஆகும், மட்டை விறகுக்கு ஆகும், கோடையில் தீப்பிடிக்கிற பயமும் இருக்காது என்பது அவர் கணக்கு. நியாயம்தான்.

ஆனா சாயங்காலம் அங்கே போய் நின்றால் கழிக்க மனசு வரமாட்டேங்குது. பொழுது சாய்ந்ததும் சின்னச் சின்னக் குருவிகள் வில்லு மாதிரி இறக்கையோடு கீச்சென்று சுற்றிச் சுற்றி வந்து, நேரா அந்தக் காய்ந்த ஓலைக்குள் நுழைந்து காணாமல் போகுது. அது அடங்கின கொஞ்ச நேரத்தில் அதே ஓலையிலிருந்து வௌவால் புறப்படுது. ஒரே வாசல்ல ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. காடு ஓரத்தில் தலை போன மொட்டைப்பனைகள் நிக்குது, அதில் கிளி, மைனா. கிணற்றடிப் பனையில் தூக்கணாங்கூடு.

என் கேள்வி இதுதான். காவோலையைக் கழித்தால் இதுகள் எல்லாம் எங்கே போகும்? கழிக்காமல் விட்டால் மரத்துக்குக் கெடுதலா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க. ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் சித்தப்பாகிட்டப் பேசணும்.

---

உழவாரன் (உச்சிப்புளி)

தம்பி, நீங்க சொல்கிற அந்தக் குருவி பனை உழவாரன். என் புனைபெயரும் அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உழவாரனுக்கு நாலு விரலும் முன்பக்கம் பார்த்தவை. காக்கா, மைனா மாதிரி கிளையையோ கம்பியையோ பற்றி உட்கார அதுக்கு வராது. செங்குத்தாக எதையாவது பிடித்துத் தொங்கத்தான் தெரியும். பனையோலையின் மடிப்பு அதுக்கு அளவெடுத்துச் செய்தது போல. பகல் முழுக்கக் காற்றிலேயே இருந்து, பறக்கிற பூச்சியைப் பறந்தபடியே பிடித்துத் தின்னும். ராத்திரி ஓலையின் அடிப்பக்கத்தில் வரிசையாகத் தொத்திக்கொள்ளும்.

கூடும் அங்கேதான். உதிர்ந்த இறகு, பஞ்சு, இதையெல்லாம் பறக்கும்போதே காற்றில் பிடித்து வந்து தன் எச்சிலால் ஓலையில் ஒட்டும். அரைக் கிண்ணம் அளவுக்குக்கூட இருக்காது. முட்டை ரெண்டு அல்லது மூன்று. கச்சான் காற்றில் ஓலை ஆடுகிற ஆட்டத்துக்கு எந்த முட்டையும் விழுந்துவிடும், அதனால் முட்டையையும் எச்சில் வைத்துக் கூட்டோடு ஒட்டிவிடுகிறது. குஞ்சு பொரித்த நாளிலிருந்து நகத்தால் ஓலையைப் பற்றிக்கொள்ளும்.

இப்போ உங்க கேள்விக்கு வருகிறேன். இந்தப் பறவை கூடு வைப்பதற்கு ஒரு பருவம் என்று சொல்ல முடியாது. தென்னிந்தியாவில் எந்த மாதம் பார்த்தாலும் ஏதாவது ஒரு ஜோடி முட்டையோடோ குஞ்சோடோ இருக்கும். 'மாசியில் கழித்தால் பரவாயில்லை, கூடு காலம் இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெட்டி விழுகிற ஓலையோடு கூடும் சேர்ந்தே வரும். அது வேறு கூடு கட்டிக்கொள்ளும்தான், ஆனால் பக்கத்திலேயே கழிக்காத பனை இருந்தால்தான் கட்டும். ஒரே மாதத்தில் காடு முழுக்கச் சீவிவிட்டால் அதுக்கு ஒதுங்க இடமில்லை.

இன்னொரு பறவையையும் கவனியுங்கள். சாம்பல் நிறம், பருத்த உடம்பு, சிட்டுக்குருவியைவிடப் பெரிசு, முக்கோண இறக்கை. பனை மட்டையிலோ மின்கம்பியிலோ நாலைந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இன்றைய ஆங்கிலக் கையேடுகளில் ஆஷி உட்ஸ்வாலோ என்றிருக்கும், பழைய கையேடுகளில் ஆஷி ஸ்வாலோ-ஷ்ரைக். பனை இல்லாத ஊரில் அதைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். மட்டையின் அடிப்பகுதியில் கூடு வைக்கும், பருந்து வந்தால் கூட்டமாகச் சேர்ந்து விரட்டும். பார்க்க நல்ல வேடிக்கை.

---

கச்சான் (ஏர்வாடி)

உழவாரன் சார் எழுதினால் பதிவு இல்லை, பாடம். 😄

எங்க பக்கம் வீடு கட்ட இடம் விற்கிறேன் என்று பனையையே காணாமல் பண்ணிட்டாங்க. நீங்க ஓலையைப் பற்றிக் கவலைப்படுறீங்க. குடுத்து வச்சவங்க.

---

பனையேறி மகள் (நரிப்பையூர்)

எங்கப்பா பனையேறி. தாத்தாவும். அதனால் மரத்து மேலே இருந்து பார்க்கிறவங்க பேச்சையும் கேளுங்க, கீழே நின்று பைனாகுலர்ல பார்க்கிறவங்க பேச்சை மட்டும் கேட்டா போதாது. உழவாரன் சார் கோவிச்சுக்க வேண்டாம்.

பதநீர் காலத்தில் ஒரு மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்கணும். பாளையைச் சீவணும், கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவணும், இறக்கணும். காலில் திளாப்பு, நெஞ்சில் தோல், இடுப்பில் அரிவாள்பெட்டி. காவோலை மண்டிக்கிடக்கிற மரத்தில் இப்படி ஏற முடியுமா? அதுக்குள்ளே என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். தேள் இருக்கும். கொம்பேறி மூக்கன் இருக்கும், அது விஷமில்லை, ஆனா முகத்துக்கு நேரே தலையைத் தூக்கினா கை நழுவும். எல்லாத்துக்கும் மேலே கதண்டு, அந்தப் பெரிய குளவி. அது கூடு வைத்திருக்கிற மரத்தில் தெரியாமல் ஓலையை அசைத்துவிட்டால் இறங்கக்கூட நேரம் கொடுக்காது. பனையேறிகள் உயிர் போவது விழுந்து மட்டும் இல்லைங்க, கதண்டாலும்தான். அதனால் ஏறுகிற மரத்தைக் கழித்தே ஆகணும். இதில் பேச்சுக்கு இடமில்லை.

கழித்தால் மரத்துக்குக் கெடுதலான்னு கேட்டிருக்கீங்க. காவோலையைக் கழிப்பதால் ஒன்றும் ஆகாது. பச்சை ஓலையைக் கண்டபடி வெட்டினால்தான் மரம் மெலியும், பாளை சிறுத்துப்போகும். குருத்தைச் சுற்றிப் போதுமான ஓலை விட்டுத்தான் அப்பா அறுப்பார். குருத்தில் கை வைத்தால் மரம் போச்சு. பனைக்குக் கிளை கிடையாது, அந்த ஒரு குருத்துதான் உசுரு.

ஆனா 'கழித்த மரத்தில் உயிர் இல்லை' என்கிற மாதிரி பேசுவதை மட்டும் ஒத்துக்க மாட்டேன். கலயம் கட்டின மரத்துக்கு வருகிற கூட்டத்தை நீங்க பார்த்திருக்கணும். சீவின பாளையில் தேனீயும் எறும்பும் மொய்க்கும். முதுகில் மூணு கோடு போட்ட அணில் கலய விளிம்பில் தலைகீழாகத் தொங்கி நக்கும். காக்கா, மைனா முறை வைத்து வரும். ராத்திரி மரநாய் ஏறும். காலையில் கலயம் சரிந்திருந்தா அப்பா திட்டுவது அதைத்தான். நுங்கு வெட்டிப்போட்ட காய்த்தோட்டில் ஆடு, மாடு. ஆடி, ஆவணியில் பழம் விழ ஆரம்பித்தா அந்த வாசத்துக்கு என்னென்னவோ வரும், காலையில் சப்பிப்போட்ட கொட்டை மட்டும் கிடக்கும்.

கழித்த பனை அடுப்படி, கழிக்காத பனை படுக்கையறை. ஒரு வீட்டுக்கு ரெண்டும் வேணும். எங்கப்பா சொன்னது இல்லை, நான் சொல்றது.

---

வடலிக்காடு

அக்கா, இது எனக்குத் தோணவே இல்லை. ஏறுகிற மரங்களில் கை வைக்கப்போவதில்லை, அவங்க இஷ்டம். என் கேள்வி ஏறாத மரங்களைப் பற்றித்தான். கதண்டு விஷயத்தைச் சித்தப்பாகிட்டச் சொன்னா 'அப்போ ஏன் விட்டுவைக்கணும்'னு கேட்பாரே?

---

பனையேறி மகள்

யாரும் ஏறாத மரத்துக்கதண்டு யாரைக் கொட்டப்போகுது? நடக்கிற பாதைக்கு மேலே, ஆடு கட்டுகிற இடத்துக்கு மேலே இருந்தா மட்டும் பார்த்து ஆளை வைத்து எடுங்க. காட்டு நடுவில் இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும்.

---

ஓலைவிசிறி (பீனிக்ஸ், அரிசோனா, பிறந்த ஊர் தேவிபட்டினம்)

இந்தச் சண்டை இங்கேயும் அப்படியே நடக்குது, அதனால் உள்ளே வருகிறேன்.

பீனிக்ஸ் நகரத்தில் பாப்பாகோ பூங்காவில் 1939இல் தொடங்கிய பாலைவனத் தாவரவியல் தோட்டம் இருக்கு. பெரும்பாலும் கள்ளி வகைகள், ஆளைவிடப் பல மடங்கு உயரமான சாகுவாரோ கள்ளிகள். இந்தப் பாலைக்கு உரிய பனை என்றால் வாஷிங்டோனியா ஃபிலிஃபெரா. நம்ம பனை மாதிரியே விசிறி ஓலை. காய்ந்த ஓலை அறுந்து விழாமல் அடுக்கடுக்காக மடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும், இங்கே அதைப் பாவாடை என்றே சொல்கிறார்கள். உங்க படத்தைப் பார்க்காமலே நீங்க சொன்னது எனக்குக் கண்ணுக்குத் தெரிந்தது அதனால்தான்.

அந்தப் பாவாடைக்குள் தங்குவதற்கென்றே ஒரு மஞ்சள் வௌவால் இருக்கு. பூச்சி தின்னுவது. வைக்கோல் நிறம், காய்ந்த ஓலைக்குள் இருந்தா கண்ணுக்கே தெரியாது. நகரங்களில் அழகுக்கு இந்தப் பனையை நட்டதால் முன்பு இல்லாத இடங்களுக்கும் அது பரவியிருக்கிறது. அதே நகரங்களில் வீட்டுக்காரர்கள் ஆளை வைத்துப் பாவாடையை மழித்தும் விடுகிறார்கள். குட்டி போட்டு வளர்க்கிற கோடையில் கழிக்காதீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இன்னொன்று ஹூடட் ஓரியோல். மஞ்சளும் கறுப்பும். நம்ம மாங்குயில் மாதிரி தெரியும், ஆனா குடும்பமே வேறு. விசிறி ஓலையின் அடிப்பக்கத்தில் அலகால் ஓட்டை போட்டு, பனையிலிருந்தே உரித்த நாரை நுழைத்து இழுத்து, கூட்டை ஓலையோடு தைத்துவிடும். நம்ம ஊர் உழவாரன் எச்சிலில் ஒட்டுகிறது, இது நாரில் தைக்கிறது. இடம் ஒன்றுதான்: மழையும் வெயிலும் படாத ஓலை அடி.

அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து கூண்டுப்பறவையாக வந்து தப்பித்துப் பெருகின லவ்பேர்ட்ஸ். ரோஜா நிற முகம். பீனிக்ஸ் பனைகளின் ஓலைக்குள்ளும் சாகுவாரோ பொந்துகளிலும் குடியிருக்கு. பாலைவனத்தில் கிளிச்சத்தம் கேட்டு முதல்ல ஊர் ஞாபகம்தான் வந்தது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்லணும். வாஷிங்டோனியா பாலைவனத்து மரம் என்றாலும் ஊற்றுக்கண் உள்ள பள்ளத்தாக்கில்தான் இயற்கையாக வளரும். அது நிற்கிற இடத்தில் தோண்டினால் தண்ணீர். நம்ம பனை அப்படியில்லை. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையை வைத்து வருஷத்தை ஓட்டும், உவர்மண்ணிலும் நிற்கும். பாலை மரம் என்கிற பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் என் ஓட்டு நம்மாளுக்குத்தான்.

நம்ம மாவட்டத்திலேயே பாலைக்கு ஒரு தோட்டம் இருக்கே, யாராவது போனீர்களா? ஐந்திணைக்கும் ஒவ்வொன்றாக அரசு அமைத்த மரபணுப் பூங்காக்களில் பாலைக்கு உரியது அச்சடிப்பிரம்பில்தான்.

---

கச்சான்

தோட்டம் எதுக்குங்க? சாயல்குடி ரோட்டுல பஸ் சன்னல் ஓரமா உட்கார்ந்தா போதும். பனை, குடை விரிச்ச மாதிரி உடைமரம், நடுவுல மயில். டிக்கெட் மட்டும் எடுக்கணும்.

---

கீழக்கரை காக்கா (கீழக்கரை)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நல்ல பேச்சு போய்க்கிட்டிருக்கு. ஒரு சந்தேகம். வௌவால் வௌவால்னு சொல்றீங்க, நிபா காய்ச்சல் பரவும்னு பயமுறுத்துறாங்களே? வீட்டுப் பிள்ளைங்க பதநீர் கேட்டா வாங்கிக்கொடுக்கலாமா?

---

உழவாரன்

காக்கா, பயத்தில் பாதி நியாயம். வங்கதேசத்தில் நிபா பரவிய வழிகளில் ஒன்று ஈச்சங்கள்ளுக்கு முந்தின பச்சைச் சாறு. குளிர்காலத்தில் ராத்திரி கலயத்தில் சொட்டுகிற ஈச்சஞ்சாற்றைப் பழந்தின்னி வௌவால் வந்து நக்கும், எச்சமும் விழும், விடியற்காலையில் அதைக் காய்ச்சாமல் குடிப்பார்கள். அதைத் தடுக்க அங்கே கலயத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டுகிறார்கள். வௌவாலைக் கொல்வதில்லை, கலயத்தை மூடுகிறார்கள்.

இங்கே கருப்பட்டிக்குப் போகிற பதநீர் மணிக்கணக்கில் கொதிக்கிறது, அதில் எந்தப் பயமும் வேண்டாம். பச்சையாகக் குடிப்பதென்றால் கலயம் மூடிக் கட்டினதா என்று தெரிந்த ஆளிடம் வாங்குங்கள்.

வடலிக்காடு தம்பியின் ஓலையில் இருக்கும் வௌவாலும் கலயத்துக்கு வரும் வௌவாலும் ஒன்றாகத்தான் இருக்கணும் என்றில்லை. ரெண்டு வகையைப் பிரித்துப் பார்க்கணும். குறுமூக்குப் பழவௌவால் ஓலையைக் கடித்து மடக்கிக் கூடாரம் போலச் செய்துகொள்ளும், ஆண்தான் செய்யும், பெண்கள் வந்து சேரும். பனையில் மட்டுமில்லை, கூந்தல்பனையின் காய்க்குலையிலும் நெட்டிலிங்கத்திலும் அதைச் செய்யும். இன்னொன்று மஞ்சள் வயிற்றுச் சின்ன வௌவால், பூச்சி தின்பது. கொசுவும் வண்டும்தான் அதன் சாப்பாடு, கலயத்துப் பக்கமே போகாது. அரிசோனா தம்பி சொன்ன வௌவாலுக்கும் இதுக்கும் இனம் வேறு, நிறமும் பழக்கமும் கிட்டத்தட்ட ஒன்று.

எது இருக்கிறது என்று தெரிய டார்ச் அடிக்க வேண்டாம். மரத்தடியைப் பாருங்கள். சப்பித் துப்பின பழச்சக்கையும் கொட்டையும் கிடந்தால் பழவௌவால். சின்னக் கறுப்பு எச்சம் மட்டும், தேய்த்தால் பூச்சி இறக்கைத் துணுக்கு பளபளத்தால் பூச்சி வௌவால். கையுறையோ இலையோ வைத்துத் தேயுங்கள், வெறுங்கை வேண்டாம்.

---

கீழக்கரை காக்கா

ஜஸாக்கல்லாஹ் சார். மூடிக் கட்டின கலயம். வீட்ல சொல்லிட்டேன்.

---

ஓலைவிசிறி

மொட்டைப்பனையைப் பற்றி யாரும் பேசவில்லையே? இங்கே பட்டுப்போன சாகுவாரோவைக்கூட அப்படியே விடுகிறார்கள், மரங்கொத்தி குடைந்த பொந்தில் பின்னால் ஆந்தை வரும் என்று.

---

பனையேறி மகள்

நம்ம ஊர்ல மொட்டைப்பனை செங்கல் சூளைக்குப் போயிடும். இல்லன்னா வாரைக்கு, கைமரத்துக்கு.

---

உழவாரன்

அதனால்தான் கேட்கிறேன் தம்பி, அந்த மொட்டைப்பனைகளை விற்காதீர்கள். பனையில் வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே சோறு. இடி விழுந்தோ காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் குருத்தைத் தின்றோ தலை போனால், உள்சோறு முதலில் மக்கும், வெளி வைரம் பல வருஷம் நிற்கும். மரமே ஒரு நீண்ட குழாய் ஆகிவிடும். பொந்தில் வாழும் பறவைக்கு இதைவிட என்ன வேண்டும்?

வருகிற வரிசையைப் பாருங்கள். முதலில் பொன்முதுகு மரங்கொத்தி. அதுதான் தச்சன், வைரத்தைத் துளைக்கிற அலகு அதுக்கு மட்டும்தான். அது ஒரு பருவம் இருந்துவிட்டுப் போனதும் கிளியும் மைனாவும் அந்த ஓட்டைக்கு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் கிளி ஜெயிக்கும், மைனா விடாது. தலை திறந்த உச்சியில் பனங்காடை. உட்கார்ந்திருந்தால் மண் நிறம், எழுந்து பறந்தால் நீலம் கண்ணைப் பறிக்கும். ஆண் வானத்தில் ஏறி, குட்டிக்கரணம் அடித்துக் கத்திக்கொண்டே இறங்குவதை மாசி பங்குனியில் பார்க்கலாம். ராத்திரிக்குப் புள்ளி ஆந்தை. இத்தனையும் ஒரே மரத்தில், செத்த மரத்தில். சூளைக்காரர் கொடுக்கிற பணத்தைச் சித்தப்பா சொல்லுவார், இந்தக் கணக்கை நீங்கள் சொல்லுங்கள்.

கூடவே சட்டமும். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். 1978இலிருந்து அதுதான் மாநில மரம். 'பட்ட மரம்தானே' என்று யாராவது சொன்னால், வெட்டுவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.

---

வடலிக்காடு

மொட்டைப்பனை விஷயம் முடிந்தது, அதைத் தொடமாட்டோம். சித்தப்பாவுக்கே அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை.

ஆனா தீ? அவர் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. காடு ரோட்டோரம் வரைக்கும் இருக்கு. கோடையில் யாரோ பீடி போட்டுவிட்டுப் போனால் காவோலை எப்படி எரியும் என்று எல்லாருக்கும் தெரியும். கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துகிற ஊர்தானே.

---

ஓலைவிசிறி

மரத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. மற்ற மரங்களுக்குப் பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய உயிர்ப்படலம் சுற்றிலும் ஓடும், அது வெந்தால் மரம் காலி. பனைக்கு அது கிடையாது. நீர்க்குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறி இருக்கும். மேல்தோல் கருகினாலும் குருத்து தப்பினால் மரம் தப்பும். கலிபோர்னியாவின் கவீயா பழங்குடி மக்கள் வாஷிங்டோனியா தோப்புகளைத் தாங்களே தீ வைத்துச் சுத்தப்படுத்தியதுண்டு. மரம் பிழைத்து நன்றாகவே காய்த்தது.

உள்ளே இருக்கிற உயிர்களுக்குத்தான் ஆபத்து. முட்டையும் குஞ்சும் ஓட முடியாது.

---

பனையேறி மகள்

வடலிக்கும் ஆபத்து. பெரிய மரம் தப்பும், குருத்து தரையோடு இருக்கிற சின்ன வடலி கருகிடும். அதையும் கணக்கில் வைங்க.

அப்பாகிட்டக் கேட்டேன். அவங்க சொல்றது: தீ மேலே இருந்து வராது, தரையிலிருந்துதான் ஏறும். தரையில் விழுந்து கிடக்கிற ஓலை, பன்னாடை, சருகு, இதைத்தான் முதல்ல அள்ளணும். அப்புறம் கீழே தொங்கி மண்ணைத் தொடுகிற காவோலையை ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் மேலே, துரட்டி எட்டுகிற வரைக்கும் மட்டும் கழிக்கணும். அதுக்கு மேலே உள்ளதைத் தொட வேண்டாம். புல் தீ வந்தா அடித்தண்டைக் கருக்கிட்டுப் போயிடும், மேலே தாவ ஏணி இருக்காது. ரோட்டோர வரிசையை மட்டும் முழுசாக் கழிங்கன்னு சொன்னாங்க.

---

உழவாரன்

அருமை. உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கம்மா. உழவாரன் கூடு வைப்பது உயரத்தில் தொங்குகிற ஓலையில்தான், ஆள் உயரத்தில் வைக்காது. இதில் ரெண்டு பக்கமும் நஷ்டமில்லை.

ரோட்டோர வரிசையையும் ஒரே நாளில் கழிக்காமல் ஒன்று விட்டு ஒன்றாக இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் பாதி என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வெட்டுவதற்கு முந்தின சாயங்காலம் ஒவ்வொரு மரத்தடியிலும் கொஞ்ச நேரம் நின்று, எது எந்த ஓலைக்குள் நுழைகிறது என்று பாருங்கள். இருட்டுவதற்கு முந்தின அரைமணி நேரம் போதும், வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பகலில் திரும்பத் திரும்ப ஒரே ஓலைக்கு வந்து போனால் அங்கே குஞ்சு.

---

வடலிக்காடு

கிணற்றடிப் பனையில் தூக்கணாங்கூடு பற்றியும் ஒரு வார்த்தை. பச்சை ஓலை நுனியில்தான் தொங்குது. சிலது முழுசா வாசல் குழாயோட இருக்கு, சிலது தொப்பி மாதிரி பாதியில் நிக்குது. பாதிக்கூடு பாழா?

---

உழவாரன்

பாழில்லை, அது விண்ணப்பம். ஆண் தொப்பி அளவுக்குக் கட்டி இறக்கையை அடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே உட்கார்ந்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதியைக் கட்டும், குழாயும் அப்புறம்தான். பிடிக்கவில்லை என்றால் அப்படியே கிடக்கும். ஒன்று முடிந்ததும் அதே ஆண் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணைக் கூப்பிடும், அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல நாம் யார்.

உள்சுவரில் களிமண் அப்பியிருக்கும். அதில் மின்மினியைப் பிடித்து ஒட்டி விளக்கு வைக்கும் என்று எங்கள் பாட்டி சொல்வார். களிமண் உண்மை, விளக்கு கதை.

பனையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், வழவழப்பான நெடுமரத்தில் பாம்பு ஏறிவருவது கஷ்டம், கிணற்றுக்கு மேலே நீட்டிய ஓலை என்றால் இன்னும் கஷ்டம். கட்டுவதற்கு நெல் தாளோ நீளப் புல்லோ வேண்டும், பனையோலையையே கீறி நாராக எடுப்பதும் உண்டு. எனவே மழைக்குப் பின்னால் புல் எழும் வரை அந்த ஒரு மரத்தைச் சீண்டாதீர்கள், சுற்றியிருக்கிற புல்லையும் செதுக்காதீர்கள்.

---

கச்சான்

ஒரு பனை மேல ஆலமரம் முளைச்சு நிக்குது எங்க ஊர்ல. அதையும் கணக்குல சேர்க்கலாமா சார்?

---

உழவாரன்

தாராளமாக. கருக்குமட்டை இடுக்கில் மண்ணும் ஈரமும் சேரும். பறவை தின்ற ஆலம்பழத்தின் விதை எச்சத்தோடு அங்கே விழும். கழிக்காத மரத்தில்தான் இது அதிகம். ஆல் வேரை இறக்கிப் பனையை மெல்லச் சுற்றிக்கொள்ளும். பனை பல காலம் தாங்கும், கடைசியில் ஆல்தான் நிற்கும். பழம் பழுக்கிற நாளில் அந்த ஒரு மரத்தடியில் நின்றால் பச்சைப்புறா, குயில், குக்குறுவான் எல்லாம் பார்க்கலாம்.

---

நெறியாளர்

நல்ல இழை. ஒரு வேண்டுகோள்: கூடு இருக்கும் மரங்களின் துல்லியமான இடத்தைப் பதிவிட வேண்டாம். கிளிக்குஞ்சு பிடிப்பவர்களும் இணையம் பார்க்கிறார்கள். கச்சான், ஏர்வாடி ஆலமரத்தின் படம் போடுவதானால் இடம் சொல்லாமல் பொதுப்பட வைத்தால் போதும்.

---

வடலிக்காடு

சித்தப்பாகிட்டப் பேசியாச்சு. தரைச் சருகையும் துரட்டி எட்டுகிற காவோலையையும் மட்டும் எடுப்பது, ரோட்டோரத்தில் இந்த வருஷம் பாதி வரிசை, மொட்டைப்பனை அப்படியே. 'வேலிக்கு ஓலை பத்தாதே' என்று முணுமுணுத்தார். குத்தகைக்காரர் ஏறுகிற மரத்தில் கழிக்கிற ஓலையை வேலிக்கு வாங்கிக்கலாம் என்று சொன்னதும் சரி என்றார், விலை பேசுவது அவர் பொறுப்பு.

அக்கா, உங்க அப்பா ஒரு நாள் வந்து எந்த மரத்தில் எது வரைக்கும் கழிக்கலாம் என்று காட்டித் தருவாங்களா? கூலி கொடுத்துடறோம்.

---

பனையேறி மகள்

மாசி பிறந்தா அப்பாவுக்குப் பாளை வேலை வந்துடும், அப்புறம் ஆடி வரைக்கும் கூப்பிடவே முடியாது. தைக்குள்ளே சொல்லுங்க. கூலியை அவங்ககிட்டயே பேசிக்கங்க. நீளமான துரட்டி ரெண்டு வேணும், எங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கு.